பூட்ஸ் அடியில் ஒட்டிய புல்

புதுப் பயிற்சியாளருக்கு முதல் ஆட்டத்திலேயே ஒரு சின்ன விஷயம் புரியவில்லை. அவருடைய ஆட்டக்காரர்கள் வெள்ளைக் கோட்டின் மேல் மட்டுமே ஓடினார்கள்.

கால்பந்து மைதானத்தில் கோடுகளுக்குப் பஞ்சமில்லை. நான்கு பக்கமும் எல்லைக்கோடு, குறுக்கே நடுக்கோடு, நடுவில் ஒரு வட்டம், இரண்டு கோலுக்கு முன்னாலும் பெரிய பெட்டிக்குள் சின்னப் பெட்டி, பெரிய பெட்டியின் தலையில் ஒரு பிறை. எந்த இடத்தில் எந்த விதி என்று காட்டுவதற்காகப் போட்டவை இவை. போக்குவரத்துக்காகப் போட்டவை அல்ல. இந்த அணியோ அவற்றைச் சாலைகளாக வைத்துக்கொண்டிருந்தது. பந்து நடுவில் அநாதையாகக் கிடப்பதைப் பார்த்த இடது விங்கர், எல்லைக்கோட்டில் நடுக்கோடு வரை வந்து, அங்கே திரும்பி, வட்டத்தைப் பாதி சுற்றிப் போய்ச் சேர்ந்தார். அதற்குள் எதிரணி அந்தப் பந்தால் ஒரு கோல் போட்டுக் கட்டிப்பிடித்துக் கொண்டாடியும் முடித்திருந்தது. நடுக்கோட்டில் இருவர் எதிரெதிரே வந்துவிட்டால் ஒருவர் ஒதுங்கி மற்றவருக்கு வழிவிட்டார். சென்டர் ஃபார்வர்டு பெனால்டிப் புள்ளியின் மேல் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தார். அந்தப் புள்ளிக்கு எந்தக் கோடும் போகாது. சின்னப் பெட்டியின் கோட்டிலிருந்து ஒரே தாவாகத் தாவி அங்கே போயிருந்தார். திரும்பி வர வழி தெரியாமல் ஆட்டம் முடியும் வரை அங்கேயே இருந்தார்.

எதிரணிப் பயிற்சியாளர் முதலில் மிரண்டுபோனார். ஏதோ புது வியூகம் என்று நினைத்துத் தன் ஆட்களையும் கொஞ்ச நேரம் கோட்டில் ஏற்றிப் பார்த்தார். பிறகு இறக்கிவிட்டார்.

"உள்ள வா! உள்ள வாய்யா!" என்று நம்மவர் பென்ச்சிலிருந்து கத்தினார். விங்கர் திரும்பி, உலகம் தெரியாத மனிதரைப் பார்ப்பது போல அவரைப் பார்த்தார்.

நம்மவர் உலகம் தெரியாதவர் அல்ல. ஆடிய காலத்தில் அவருக்கு முட்டுக்கட்டை என்று பெயர். கோலுக்கு முன்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரர். பெரிய பெரிய ஃபார்வர்டுகளெல்லாம் அவரிடம் வந்து முட்டிக்கொண்டு திரும்பிப் போயிருக்கிறார்கள். முழங்கால் ஒத்துழைக்க மறுத்த பிறகு பயிற்சியாளர் ஆனார். பெயரும் சுருங்கிக் கட்டை ஆனது. பயிற்சியாளர் வேலை எப்படிப்பட்டது என்றால், அணி ஜெயித்தால் ஆட்டக்காரர்கள் நன்றாக ஆடினார்கள் என்பார்கள். தோற்றால் பயிற்சியாளரை மாற்றுவார்கள். கட்டையைப் பலமுறை மாற்றியிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் குடும்பத்தோடு வீடு மாறினார், ஊர் மாறினார், மகளுக்குப் பள்ளிக்கூடம் மாறியது. இந்த முறை ஒப்பந்தம் இன்னும் எளிமையானது: ஆட்டப் பருவத்தின் முடிவில் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கினால், அன்றைக்கே அவரும் இறங்க வேண்டும்.

ஆட்டம் முடிந்து உடைமாற்றும் அறையில் கேப்டனைப் பிடித்தார்.

"என்னப்பா இது? கோட்டு மேல கயித்துல நடக்கறவன் மாதிரி?"

"புல்லு, கோச்."

"புல்லுக்கு என்ன?"

"மிதிக்கக் கூடாது."

"இது அவங்க மைதானம். அவங்க புல்லு. அவங்களே மிதிக்கறாங்க, உனக்கென்ன வலிக்குது?"

கேப்டன் தன் பூட்ஸைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். ஆணிகளுக்கு நடுவே வெள்ளை வண்ணம் அப்பியிருந்தது. ஒரு பச்சைத் துணுக்கு கூட இல்லை. "நம்ம வாசல்ல பூட்ஸ் சோதனை இருக்கு, கோச். அடியில புல்லு ஒட்டியிருந்தா அவன் பருவம் முழுக்க வெளிய."

"அது நம்ம புல்லைக் காப்பாத்தறதுக்குப் போட்ட விதியா இருக்கும். இது வேற ஊரு புல்லுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லலாம். புல்லுல ஊரு பேரு எழுதியா இருக்கு?"

"கழுவிட்டுப் போயேன்!"

"கழுவினா தடயத்தை அழிச்ச குத்தம். அது இதைவிடப் பெருசு." பூட்ஸைப் பையில் வைத்துக்கொண்டே கேப்டன் சொன்னார்: "உங்களுக்கு முன்னால இருந்த கோச்சும் இப்படித்தான் கேட்டாரு. நல்ல மனுஷன்."

மறுநாள் கழகத்தின் செயலாளர், அடிக்கடி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொள்ளும் ஒரு நல்ல மனிதர், கட்டைக்கு மைதானத்தைச் சுற்றிக் காட்டினார். சுற்றித்தான் காட்டினார், உள்ளே யாரும் போவதில்லை. நடுவே புல் கிடந்தது. இஸ்திரி போட்டது போல, ஒரு தலை உயரமில்லை, ஒரு தலை தாழ்வில்லை. வேலியில் வரிசையாக விருதுப் பலகைகள் மாட்டியிருந்தன. எல்லாம் சிறந்த புல்தரைக்கான விருதுகள்.

"அப்போ நம்ம சொந்த மைதானத்து ஆட்டமெல்லாம்?"

"பக்கத்துக் கழகத்து மைதானத்துல வெச்சுக்கறோம். நம்ம புல்லுக்கு அலர்ஜி."

"எதுக்கு அலர்ஜி?"

"ஆட்டத்துக்கு."

பார்வையாளர் காலரியில் நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் பருவச் சீட்டு வாங்கியவர்கள். தண்ணீர் தெளிப்பான் சுழலத் தொடங்கியதும் கைதட்டினார்கள். அது வலது மூலையை எட்டியபோது ஒருவர் எழுந்து நின்று விசிலடித்தார்.

"பயிற்சி எங்க?" என்று கட்டை கேட்டார்.

மாநாட்டு மண்டபத்தில். தரையில் சிவப்புக் கம்பளம். எதிரணிக்குப் பதில் நாற்காலிகள். மேடைதான் கோல். பந்தைத் தூக்கி அடித்தால் விளக்கு உடையும் என்பதால் ஆட்டக்காரர்கள் அதைக் காலால் தடவித் தடவியே ஓட்டினார்கள். நாற்காலிகளை அவர்கள் பிரமாதமாகக் கடந்துபோனதைக் கட்டையும் ஒப்புக்கொண்டார். உலகத்தில் எந்த நாற்காலி அணியையும் இவர்கள் தோற்கடிப்பார்கள்.

அன்று வீட்டுக்குப் போனபோது மனைவி கூடத்தில் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள்.

"இன்னும் பிரிக்கலையா?"

"ஆட்டத்தைப் பாத்தேன். எதுக்குப் பிரிச்சு மறுபடி கட்டணும்?"

மகள் கதவோரம் நின்று சொன்னாள்: "அப்பா, எனக்கு இந்த ஸ்கூல்ல ரெண்டு ஃபிரெண்ட்ஸ் இருக்காங்க. போன ஊர்ல ஒருத்தி கிடைக்கறதுக்குள்ள நம்ம கிளம்பிட்டோம். இந்தத் தடவ நீங்க போங்க. நான் பக்கத்து வீட்டுலயே இருந்துக்கறேன். அவங்ககிட்ட கேட்டுட்டேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"சாப்பாடு நான் கொஞ்சமாத்தானே சாப்பிடறேன், சரின்னுட்டாங்க."

 மறுநாள் காலையில் கட்டை நேரே கழகத்தின் புல்தரைப் பாதுகாப்புக் குழுத் தலைவரைப் பார்க்கப் போனார்.

தலைவர் பருத்த, சாந்தமான மனிதர். காலணிகளை அறை வாசலில் விட்டுவிட்டுக் காலுறையோடுதான் உட்கார்ந்திருப்பார். கட்டை சொன்னதையெல்லாம் கண்களை மூடிக் கேட்டுக்கொண்டார்.

"நான் இந்தக் கழகத்துக்கு வந்தப்போ இங்க என்ன இருந்துச்சு? ஆட்டம் இருந்துச்சு. வாரா வாரம் ஜனங்க வந்து கத்திக்கிட்டு இருந்தாங்க. அலமாரி பூராக் கோப்பை. வைக்க இடமில்ல. ஆனா புல்லு? சொட்டை. கோல் முன்னாடி பாத்தா எனக்கு அழுகை வரும். ஒரே வருஷம்தான். ஆட்டத்தை நிறுத்தினேன். இன்னிக்குப் பாருங்க, ஒரு கோப்பை கிடையாது. ஒரு சொட்டையும் கிடையாது."

"சார், நம்மது கால்பந்துக் கழகம்."

"அதான். கால்பந்து இல்லாத இடத்துல புல்லைக் காப்பாத்தறது பெரிய விஷயமா? அது பூங்கா. எவன் வேணா செய்வான். கால்பந்துக் கழகத்துல காப்பாத்தணும், அதுக்குத்தான் விருது."

 கொஞ்சமாவது மிதித்துப் பழகினால்தான் பையன்களுக்குப் பயம் தெளியும் என்று கட்டை கெஞ்சினார். தலைவர் இரக்கமுள்ளவர். ஒரே ஒரு ‘மாதிரி மிதி’க்கு அனுமதித்தார்.

மாதிரி மிதி இப்படி நடந்தது. குழுவினர் வேலியோரம் வரிசையாக நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். புல்லுக்கு ஏதாவது ஆகிவிட்டால் தூக்கிக்கொண்டு போக இருவர் ஸ்ட்ரெச்சரோடு நின்றார்கள். ஸ்ட்ரெச்சரில் ஈரமண் பரப்பியிருந்தது. விங்கர்தான் இருப்பதிலேயே எடை குறைந்தவர் என்பதால் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். காலையில் சாப்பிட வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். வெறுங்காலோடு, இரண்டு பக்கமும் ஆட்கள் தோளைத் தாங்கிக்கொள்ள, அவர் வலது பாதத்தை மெல்ல இறக்கினார். ஒரு புல் வளைந்தது.

"போதும்! தூக்கு! தூக்கு!" என்று தலைவர் அலறினார்.

உறுப்பினர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோரும் எழுந்து சிறிது நேரம் மௌனம் காத்தார்கள். வளைந்த புல் அதற்குள் தானாகவே நிமிர்ந்துவிட்டது. அது புல்லின் பெருந்தன்மையைக் காட்டுகிறதே தவிர மிதித்தவர் நிரபராதி என்று காட்டவில்லை என்று தலைவர் பேசினார். சாயங்காலம் முடிவு வந்தது: ஆட்டக்காரர்கள் இனி தாராளமாகப் புல்லை மிதிக்கலாம், புல்லுக்குத் தெரியாத வகையில்.

"அப்படின்னா என்ன கோச்?" என்று கேப்டன் கேட்டார்.

"கோட்டு மேலயே ஓடு" என்றார் கட்டை.

இப்படியே பருவம் தேய்ந்தது. அணி எப்போதாவது ஒரு ஆட்டத்தை, மழையில் எதிரணி வழுக்கி விழுந்த புண்ணியத்தில், சமன் செய்தது. கடைசியில் இரண்டு ஆட்டங்கள் பாக்கி. கணக்கு எளிது: இரண்டில் ஒன்றையாவது ஜெயித்தால் தப்பிக்கலாம். இல்லாவிட்டால் பெட்டிகளை வண்டியில் ஏற்றலாம். அவை கட்டியபடியேதான் இருந்தன.

ஒரு காலை கட்டை கூடத்தில் உட்கார்ந்து பழைய ஆட்டம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சமையலறையில் தீய்ந்த வாடை வந்தது. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது.

"என்னங்க, பக்கத்துல இருந்துகிட்டே பாக்கலையா?" என்று மனைவி குளியலறையிலிருந்து ஓடிவந்தாள்.

"நீ பாத்துக்குவேன்னு நான் இருந்தேன்."

"நீங்க இருக்கீங்களேன்னுதானே நான் போனேன்! ஒருத்தர் மட்டும் வீட்டுல இருந்தா இந்தப் பால் பொங்கியிருக்காது."

கட்டை துணியால் அடுப்பைத் துடைக்கத் தொடங்கினார். பாதியில் கை நின்றது. மனைவி சொன்னது தடுப்பாட்டக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம். ஒரு பந்து ஒருவனை நோக்கி வந்தால் அவன் அதை அடித்து வெளியே அனுப்புவான். இருவருக்கு நடுவில் வந்தால், இவன் எடுப்பான் என்று அவன், அவன் எடுப்பான் என்று இவன். அல்லது நான்தான் எடுப்பேன் என்று இருவரும் பாய்ந்து மண்டையை மோதிக்கொள்வார்கள். எப்படியானாலும் பந்து பத்திரமாக நடுவில் போய்விடும். கட்டை தன் வாழ்க்கையில் வாங்கிய கோல்களில் பாதி அப்படி வாங்கியவை.

"எங்க கிளம்பிட்டீங்க, பாதி துடைச்சுட்டு?"

"பெயின்ட் அடிக்கறவரைப் பாக்க."

கழகத்தின் வர்ணப் பிரிவு அதிகாரிக்குக் காலரிப் படிக்கட்டின் அடியில் அறை. உள்ளே குனிந்துதான் நிற்க முடியும். சுற்றிலும் வண்ண டப்பாக்கள். அதிகாரி ஒல்லியானவர். வாரம் தவறாமல் கோடுகளுக்குப் புதுப் பூச்சு கொடுப்பது அவர் பிரிவின் வேலை. அவருடைய ஆட்கள் கோட்டின் மேலேயே நடந்து பின்னால் பூசிக்கொண்டு போவார்கள். அத்தனை விருது விழாக்களிலும் அவருக்கு மேடையில் நாற்காலி போட்டதில்லை.

"கோடு இல்லன்னா அந்தப் புல்லு என்ன? மேய்ச்சல் நிலம்! மாடு கட்டலாம்" என்றார். "நாலு பக்கமும் நான் நேரா இழுத்து விட்டிருக்கறதால அது மைதானம். இதை எவனாவது பேசறானா?"

"அதான் சார், மனசு கேக்காம வந்தேன்" என்றார் கட்டை. "எங்க பசங்க பூட்ஸைத் திருப்பிப் பாத்தேன். அடியில பூரா வெள்ளை."

அதிகாரியின் முகம் மாறியது. "வெள்ளையா? எவ்வளவு?"

"அப்பியிருக்கு சார். வாரா வாரம். புல்லு ஒட்டியிருந்தா மட்டும் பாக்கறாங்க. வெள்ளையைப் பாத்துட்டு, போ போன்னு விட்டுடறாங்க."

"என் கோட்டை மிதிச்சுட்டு என் வாசல் வழியாவே போறானா?" அதிகாரி எழுந்தார், தலை கூரையில் இடித்தது, அதையும் அவர் பொருட்படுத்தவில்லை. வேற்று மைதானத்து வண்ணமாயிற்றே என்று கட்டை நியாயத்துக்காக ஒரு வார்த்தை சொன்னார்.

"வெள்ளைல ஊரு பேரு எழுதியா இருக்கு?" என்றார் அதிகாரி.

கடைசிக்கு முந்தைய ஆட்டத்தை அணி வழக்கம்போலக் கோட்டில் ஓடித் தோற்றுத் திரும்பியபோது, வாசலில் புல் சோதகருக்குப் பக்கத்தில் இன்னொரு மேசை போட்டிருந்தது. புல் சோதகரிடம் பூதக்கண்ணாடியும் ஒரு தூரிகையும் இருந்தன. வர்ணச் சோதகரிடம் சுரண்டும் கத்தி இருந்தது. கேப்டன் முதல் ஆளாகப் பூட்ஸை நீட்டினார். இரண்டு கைகள் நீண்டன.

"தூரிகையைக் கீழ வைங்க. தட்டினா வெள்ளை உதிரும்."

"நீங்க முதல்ல கத்தியைக் கீழ வைங்க. சுரண்டினா புல்லு போயிடும்."

"புல்லு இருக்கான்னே இன்னும் தெரியலையே?"

"அதைத்தான் பாக்கணுங்கறேன்!"

யார் முதலில் பார்த்தாலும் அடுத்தவரின் தடயம் கெடும். தடயத்தைக் கெடுப்பது இங்கே எவ்வளவு பெரிய குற்றம் என்று முன்பே பார்த்தோம். எனவே இருவரும் பார்க்கவில்லை. பூட்ஸ்களை அப்படியே ஓர் அறையில் வைத்துப் பூட்டினார்கள். புல்தரைக் குழு ஒரு பூட்டு, வர்ணப் பிரிவு ஒரு பூட்டு. யார் முதலில் சோதிப்பது என்று முடிவெடுக்கக் கூட்டுக் குழு ஒன்று அமைந்தது. கூட்டுக் குழுவில் யார் முதலில் பேசுவது என்பதில் அது நின்றுவிட்டது. புல்தரைத் தலைவர் காலுறையோடும், வர்ண அதிகாரி முதன்முறையாகக் கிடைத்த நாற்காலியோடும், எதிரெதிரே மௌனமாக உட்கார்ந்திருந்தார்கள்.

செயலாளர் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கடைசி ஆட்டத்துக்குப் புது பூட்ஸ் வாங்கி வந்தார். பேருந்தில் கேப்டன் தன் ஜோடியை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கோச், இதையும் திரும்பி வந்ததும் அந்த அறையில போட்டுடுவாங்களா?"

"போட்டுடுவாங்க."

"யாரும் அடியைப் பாக்க மாட்டாங்க?"

"பாக்க முடியாது. ஒருத்தர் பாத்தா இன்னொருத்தர் விடமாட்டார்."

 பேருந்தில் எல்லோரும் இவர்கள் பேச்சையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். "அப்போ," என்றார் கேப்டன், குரலைத் தாழ்த்தி, "நடுவுல போலாமா?"

"போலாம்ப்பா" என்றார் கட்டை. 

எதிரணி வீட்டுப்பாடம் செய்துவிட்டு வந்திருந்தது. கோட்டில் ஓடும் அணியை நிறுத்த என்ன வழி? கோட்டை மறிப்பது. அவர்கள் தங்கள் ஆட்களை எல்லைக்கோட்டிலும் நடுக்கோட்டிலும் பெட்டிக் கோடுகளிலும் காவல் போட்டிருந்தார்கள். வட்டத்துக்கு மட்டும் மூன்று பேர். பேருந்தில் பேசியபடி புல்லில் இறங்க நம் ஆட்களுக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை, எங்கும் நகர முடியவில்லை. நம் வலையில் ஒரு கோல் விழுந்தது. இடைவேளை வந்தது.  கட்டை அறையில் பூட்ஸைக் காட்டினார், இரண்டு விரலைக் காட்டினார், இரண்டு பூட்டு என்று.

மறுபாதியில் பந்து கேப்டனிடம் வந்தது. முன்னால் கோட்டில் ஒருவன் மறித்து நின்றான். கேப்டன் கீழே பார்த்தார். குளிர்ந்த தண்ணீரில் இறங்குபவர் போல ஒரு காலைப் புல்லில் வைத்தார். சுற்றிலும் பார்த்தார். யாரும் அலறவில்லை. இன்னொரு காலையும் வைத்தார். கோடுகளில் காவல் நின்ற அத்தனை பேருக்கும் நடுவே மைதானம் பரந்து காலியாகக் கிடந்தது.

"ஓடுடா!" என்று கட்டை கத்தினார். "எங்க வேணா ஓடு!"

எங்கே வேண்டுமானாலும் ஓடினார்கள். விங்கர் குறுக்கே ஓடினார். முதல் முறை என்பதால் சிரித்துக்கொண்டே ஓடினார். எதிரணியினர் தங்கள் கோடுகளை விடுவதா வேண்டாமா என்று பென்ச்சைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு கோல்கள் விழுந்தன. அவர்கள் ஒருவழியாக இறங்கி வந்தபோது, அவர்களை நம் ஆட்கள் நாற்காலிகளைக் கடப்பது போலக் கடந்தார்கள். மூன்றாவது கோலைப் போட்ட சென்டர் ஃபார்வர்டு, பெனால்டிப் புள்ளியைத் தாண்டி நடந்தே திரும்பி வந்தார்.

அணி பிரிவில் தங்கியது. கட்டை வேலையில் தங்கினார். மகள் பக்கத்து வீட்டுக்குப் போய், சாப்பாடு போட வேண்டாம், ஆனால் விளையாட வருவேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வெற்றிக்குப் புல்தான் காரணம் என்று தலைவர் பேசினார். கோடுதான் என்று வர்ண அதிகாரி பேசினார். இருவரில் யார் முதலில் பேசுவது என்பது முடிவாகாததால் இரண்டு பேச்சும் ஒரே நேரத்தில் நடந்தன. யாருக்கும் எதுவும் கேட்கவில்லை.

ஆட்டக்காரர்கள் இப்போது எல்லா ஊர்களிலும் புல்லின் மேல்தான் ஓடுகிறார்கள். அதற்கான வழி இதுதான்: வாசலில் ஒரு சோதகர் இருந்தால் பூட்ஸைத் திருப்பிப் பார்ப்பார். இரண்டு சோதகர்களை, ஒருவரின் சோதனை மற்றவரின் சோதனையைக் கெடுக்கும்படியாக, பக்கத்தில் பக்கத்தில் நிறுத்த வேண்டும். பூட்ஸ் அறைக்குப் போகும். ஆட்டக்காரர்கள் வீட்டுக்குப் போவார்கள். அறை நிறைந்தால் பக்கத்து அறையைத் திறக்க வேண்டும்.